ஃபோன் இல்லாத ஸ்டாண்ட்

"சிட்டு அப்பா, மியூட்ல இருக்கீங்களா, தூக்கத்துல இருக்கீங்களா?"

ஃபோனுக்குள்ளிருந்து டீச்சர் கேட்டதும் அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். சுவரில் சாய்ந்தபடியே கண் சொருகிவிட்டிருந்தது. திரையில் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் அம்மாக்கள் சிரித்தார்கள். அந்த வகுப்பில் அவன் ஒருவன்தான் அப்பா.

"இல்ல டீச்சர், கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அப்ப என்ன சொன்னேன், சொல்லுங்க பாப்போம்."

"பொறுமையா காத்திருக்கணும்னு சொன்னீங்க."

"அது போன வாரம் சொன்னது."

மறுபடி சிரிப்பு. இரட்டைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அல்லாடுகிற ஓர் அம்மா, எல்லோரும் அவளை இரட்டை அம்மா என்றே கூப்பிடுவார்கள், உடனே வாயைத் திறந்தாள்.

"விடுங்க டீச்சர். மனுஷன் கண்ணை மூடிக்கிட்டு காத்திருக்காரு. ஹோம்வொர்க்தான் செய்யறாரு."

அவனும் சிரித்து வைத்தான். வேறு என்ன செய்வது? வெளிச்சம் வருவதற்கு முன்பே எழுந்து ரொட்டி ஃபேக்டரிக்குப் போகிறவன். பாக்கிங் பிரிவு. சூடு ஆறின ரொட்டி வரிசையாக வரும், பையில் போட்டு, வாயைச் சுருட்டி, பிளாஸ்டிக் கிளிப் ஒன்றை மாட்டித் தள்ளவேண்டும். மத்தியானம் ஷிஃப்ட் முடிந்ததும் நேரே நர்சரிக்குப் போய் மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும்போது உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். அதற்கு மேல்தான் இந்த வகுப்பு.

சிட்டுவுக்கு நாலு வயது. பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே, நேரில் பயிற்சி கொடுக்கும் இடத்தில் பெயரைப் பதிந்துவிட்டார்கள். வரிசை நீளமாக இருந்தது. "அதுவரைக்கும் சும்மா இருக்கவேண்டாம், ஆன்லைன்ல பெத்தவங்களுக்கு ஒரு பயிற்சி இருக்கு. அதை முடிச்சவங்களுக்கு நேர்ப் பயிற்சியில முன்னுரிமை" என்றார்கள். பயிற்சி பிள்ளைக்கு இல்லை, பெற்றவர்களுக்கு. யார் உட்காருவது என்ற பேச்சு வந்தது. மனைவி வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையில் சாயங்காலம்வரை விடமாட்டார்கள். ஆகவே மத்தியானத்துக்கு மேல் ஓய்வாக இருப்பவன் அவன்தான் என்று முடிவாயிற்று. ஓய்வு என்று அதற்குப் பெயர்.

பயிற்சியில் பாடத்தைவிட வீடியோதான் முக்கியம். தினமும் கொஞ்ச நேரம் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து விளையாடவேண்டும். டிவி கூடாது. பிள்ளை கையில் ஃபோனைக் கொடுக்கவே கூடாது. ஃபோன் ஓரமாக ஸ்டாண்டில் நின்று படம் எடுக்கும். அந்த வீடியோவை அனுப்பினால் டீச்சர் பார்த்து, 'இங்கே அவசரப்பட்டுட்டீங்க', 'இங்கே கேள்வி மேல கேள்வி கேக்குறீங்க, அவ என்ன போலீஸ் ஸ்டேஷன்லயா இருக்கா?' என்று குரல் பதிவு அனுப்புவாள். கறாரான பெண். ஆனால் யாரையும் மட்டம் தட்டமாட்டாள்.

அதற்காகவே முழங்கால் உயரத்தில் மூன்று கால் ஸ்டாண்ட் ஒன்று வாங்கினான். ஒவ்வொரு காலாக இழுத்து விரித்தால் 'டக்' என்று சத்தம் வரும்.

சிட்டுவுக்குப் பொம்மை எதுவும் ஆகாது. அவன் ஃபேக்டரியிலிருந்து கொண்டுவரும் ரொட்டிப் பை கிளிப்புகள்தான் உயிர். சிவப்பு, மஞ்சள், நீலம். உடைந்தது, வளைந்தது என்று ஒதுக்கினவற்றை சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வருவான். அவற்றைத் தரையில் ரயில் மாதிரி அடுக்குவாள், கலைப்பாள், மறுபடி அடுக்குவாள். பக்கத்தில் ஆள் இருக்கிறதா, இல்லையா என்றே தெரியாத மாதிரி.

"நீங்களும் அடுக்குங்க" என்றாள் டீச்சர். "அவளை உங்க விளையாட்டுக்கு இழுக்காதீங்க. நீங்க அவ விளையாட்டுக்குள்ள போங்க."

அவனும் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, கிளிப்புகளை அடுக்கினான். ஒருநாள் என்ன தோன்றியதோ, ஒரு மஞ்சள் கிளிப்பைத் தன் காது மடலில் மாட்டிக்கொண்டு, "ஆ... வலிக்குதே" என்றான். சிட்டு தலையைத் தூக்கி அவன் காதைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. அந்த வீடியோவை மனைவி கண்ணாடிக் கடையின் பின்கட்டில் நின்று திரும்பத் திரும்பப் பார்த்தாளாம்.

"காதுல மட்டுமா மாட்டினீங்க? வாயிலயும் ஒண்ணு மாட்டிக்கிட்டு வீட்டுக்குள்ள வாங்க, நானும் சிரிக்கிறேன்" என்றாள் சாயங்காலம்.

அது ஆரம்பத்தில். அதற்குப் பிறகுதான் வண்டி நின்றுபோனது.

பயிற்சியின் கடைசிப் பாடம் கேட்பது. பிள்ளை தானாக வந்து ஏதாவது ஒன்றைக் கேட்கவேண்டும். அதற்கு அப்பா பதில் கொடுக்கவேண்டும். அந்த வீடியோ வந்தால்தான் பயிற்சி முடிந்தது என்று எழுதுவார்கள். வராவிட்டால் அடுத்து சேருகிறவர்களோடு முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

"வாயால கேக்க வேணாம்" என்றாள் டீச்சர். "கையைப் பிடிச்சு இழுக்கலாம். பார்வையால கேக்கலாம். ஒரு பொருளைக் கொண்டுவந்து உங்க முன்னாடி வைக்கலாம். அவளா வரணும், அதான் விஷயம். நம்ம அப்பாகிட்ட கேட்டா கிடைக்கும்னு அவளுக்குத் தெரியணும்."

வழியும் சொல்லிக் கொடுத்தாள். கிளிப்புகளை உள்ளே இருப்பது தெரிகிற ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மூடியை இறுக்கி, அவள் கண்ணில் படுகிற மாதிரி வைக்கவேண்டும். அவளால் திறக்கமுடியாது. அப்பாவிடம் கொண்டுவந்து நீட்டுவாள்.

நீட்டவில்லை. மூடியைக் கடித்துப் பார்த்தாள். தரையில் தட்டினாள். பிறகு டப்பாவை அங்கேயே விட்டுவிட்டு ஜன்னலோரம் போய், திரைச்சீலையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டு நின்றாள். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். வேண்டும் என்றால் கேட்கலாம் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. வேண்டாம் என்று விட்டுவிடுவதுதான் அவளுக்குச் சுலபமாக இருந்தது.

அவனுடைய அக்கா ஃபோனில் ஆறுதல் சொன்னாள்.

"நீகூட லேட்டாதான்டா பேசின. இப்ப என்ன குறைஞ்சா போச்சு? கம்ப்யூட்டர்ல பாத்து பிள்ளை வளக்குறதை இப்பத்தான் கேள்விப்படறேன்."

"சரிக்கா" என்று வைத்துவிட்டான். சண்டை போடக்கூடத் தெம்பு வேண்டுமே.

வீடியோ எடுத்து முடித்ததும் என்ன நடக்கும் என்பதையும் சொல்லவேண்டும். ஃபோனைக் கழற்றுவான், ஸ்டாண்டை மடக்குவான், மூலையில் சாய்த்து வைப்பான். பாயில் விழுந்து முழங்கையால் கண்ணை மூடிக்கொள்வான். அவ்வளவுதான். வாசல் கதவைப் பூட்டி, அடுப்பறைத் தடுப்பைச் சாத்திவிட்டதால் சிட்டு எங்கும் போய்விடமாட்டாள். மனைவி வரும்வரை அவன் தூங்கினதும் உண்டு, தூங்காமல் கிடந்ததும் உண்டு. எழுந்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் சிட்டு புதிதாக ஒரு வேலை ஆரம்பித்தாள். அவன் படுத்திருக்கும்போது மூலையிலிருந்து ஸ்டாண்டை இழுத்துக்கொண்டு வந்து அவன் மேல் போட்டாள். முதல் தடவை அது நெஞ்செலும்பில் பட்டது.

"ஏய்! கண்ணுல பட்டிருந்தா?"

எடுத்து மூலையில் வைத்தான். மறுபடி இழுத்து வந்தாள். அவனுக்குப் புரிந்துவிட்டது: ஃபோன் கேட்கிறாள். கார்ட்டூனுக்குத்தான் இந்தப் பாடு. ஃபோன் கொடுக்கக்கூடாது என்று டீச்சர் முதல் வகுப்பிலேயே கண்டித்துச் சொன்னது. ஃபோனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, ஸ்டாண்டை அலமாரி உச்சியில் ஏற்றி வைத்தான்.

அன்றைக்கு அவள் அழுத அழுகை இருக்கிறதே, மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்து கதவைத் தட்டிக் கேட்டுவிட்டுப் போனார். அலமாரி முன்னால் உட்கார்ந்து, தலையை அலமாரிக் கதவில் மோதி மோதி அழுதாள். அவள் தலைக்கும் கதவுக்கும் நடுவில் அவன் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மனைவி வந்து பார்த்தபோது கை சிவந்திருந்தது.

"ஃபோனுக்கு இவ்வளவு அடம் பிடிக்கிறா. நான் விடல" என்றான்.

"நல்லது. நீங்களும் விடல, அவளும் விடல. நடுவுல என் மண்டைதான் வெடிக்குது" என்று செருப்பைக் கழற்றினாள் அவள். பிறகு அவன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். "முடியலன்னா சொல்லுங்க. நான் வேலையை விட்டுடறேன்."

"விட்டுட்டு?"

"விட்டுட்டு நான் பாயில படுக்கறேன், நீங்க கண்ணாடி வித்துட்டு வாங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்த பிறகு யாரும் எழுந்திருக்கவில்லை.

இப்படியே அந்த வாரம் ஓடியது. ஸ்டாண்ட் மேலே இருந்தால் அழுகை. வீடியோ எடுக்க இறக்கினால் அழுகை நிற்கும். ஆனால் டப்பாவை நீட்டுவது மட்டும் கிடையாது. கடைசி வீடியோ அனுப்பவேண்டிய நாளும் வந்துவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள் போய்ச் சேரவேண்டும். விடியற்காலையில் கிளம்பும்போதே ஸ்டாண்டை இறக்கி மூலையில் தயாராக வைத்துவிட்டுப் போனான். இன்றைக்காவது நீட்டமாட்டாளா என்று ஒரு நப்பாசை.

டீ குடிக்கிற நேரத்தில், ட்ரே அடுக்கிய ஒரு தள்ளுவண்டியில் சாய்ந்தபடி முந்தின நாள் வீடியோவை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான், எங்கே தப்பு என்று. கண் தன்னால் மூடியது. ஃபோன் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அதே நேரம் யாரோ தள்ளுவண்டியைத் தள்ளினார்கள். இரும்புச் சக்கரம் அதன் மேல் ஏறி இறங்கியது.

சூப்பர்வைசர் குனிந்து பார்த்தார். "ரொட்டி மாதிரி ஸ்லைஸ் போட்டுட்டியேப்பா."

ரிப்பேர் கடைக்காரன் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "நாளைக்கு வாங்கண்ணே. உயிர் வந்தா சொல்றேன்."

மனைவி வீட்டுக்கு வரும்போது நேரம் தாண்டிவிடும். கடைக்குப் போய் அவள் ஃபோனை வாங்கி வரலாம் என்றால், சிட்டுவை இழுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறவேண்டும். பஸ் இரைச்சலில் அவள் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவாள். வாங்கி வந்தாலும் என்னத்தை எடுப்பது? அவள் நீட்டப்போவதில்லை. முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டியதுதான். அந்த நினைப்பே அவனை உட்காரவைத்துவிட்டது. சட்டையைக்கூடக் கழற்றாமல் பாயில் விழுந்து, முழங்கையால் கண்ணை மூடிக்கொண்டான். அன்றைக்குக் கிளிப் டப்பாவைக்கூட வெளியே எடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு தரையில் எதையோ இழுக்கும் சத்தம்.

ஆரம்பிச்சுட்டா, என்று நினைத்தான். மேலே வந்து விழட்டும், வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

விழவில்லை.

'டக்.'

கையைக் கண்ணிலிருந்து எடுக்காமலே கேட்டான்.

'டக்.' கொஞ்சம் இடைவெளி. மூச்சு வாங்கும் சத்தம். 'டக்.'

முழங்கையை நகர்த்திப் பார்த்தான். ஸ்டாண்ட் மூன்று காலிலும் நின்றுகொண்டிருந்தது. வழக்கமாக அவன் வைக்கிற இடத்தில், ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், பாயைப் பார்த்தபடி. ஒரு கால் சரியாக விரியாததால் லேசாகச் சாய்ந்திருந்தது. ஃபோன் மாட்டுகிற இடம் காலியாக இருந்தது.

சிட்டு அதைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. அவன் சட்டைப்பைக்குள் கைவிடவில்லை, ஃபோன் எங்கே என்று தேடவில்லை. நடந்து வந்து, தினமும் வீடியோவுக்கு உட்காருகிற இடத்தில், அவனுக்கு எதிரே, சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். அவன் காதைப் பார்த்தாள்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

ஸ்டாண்ட் நின்றால் அப்பா எழுந்திருப்பார். தரையில் குப்புறப் படுப்பார், கிளிப் அடுக்குவார், காதில் மாட்டிக்கொண்டு வலிக்குது என்பார். ஸ்டாண்ட் மடங்கினால் அப்பா பாயில் விழுந்துவிடுவார். அவள் கண்டது அதுதான். அவள் ஃபோனைக் கேட்கவில்லை. ஒரு வாரமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். தூக்கிக்கொண்டு வந்து அவன் மேலேயே போட்டுக் கேட்டாள். அவன் அதை எடுத்து அலமாரி உச்சியில் வைத்துவிட்டு, அடம் பிடிக்கிறாள் என்றான். தலையை மோதி அழுதவளுக்கு உள்ளங்கையை வைத்தான், அவளோடு விளையாட உட்காரவில்லை.

அழலாம் என்றால் அவள் காத்துக்கொண்டிருக்கிறாள்.

"வரேன்டா கண்ணு. அப்பா வந்துட்டேன்."

எழுந்து டப்பாவைக் கொண்டுவந்தான். மூடியை அவனே திறந்தான், கேட்டதற்கு அப்புறம் மூடி எதற்கு? குப்புறப் படுத்தான். இடுப்பு கெஞ்சியது. ஒரு சிவப்புக் கிளிப்பை எடுத்து மெதுவாகக் காதருகே கொண்டுபோனான். மாட்டுவதற்கு முன்பே அவள் சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

மனைவி வந்தபோது இரண்டு காதிலும், மூக்கிலும், சட்டைக் காலரிலும் கிளிப்போடு உட்கார்ந்திருந்தான். நடந்ததைச் சொன்னான். அவள் காலி ஸ்டாண்டையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கேட்டாளா? அவளாவா?"

"அவளா."

"வீடியோ?"

அவன் உடைந்த ஃபோன் போன இடத்தைச் சொன்னான். அவள் கைப்பையைத் தோளிலிருந்து எடுக்காமலே சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"நமக்குன்னு எல்லாம் வாய்க்குது பாருங்க" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மூக்குல இருக்கிறதையாவது எடுங்க. பேசுறது புரியல."

மறுநாள் தன் ஃபோனை அவனிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு கடைக்குப் போனாள். வகுப்பில் டீச்சர் அவன் கட்டத்தைப் பார்த்து, "சிட்டு அப்பா, நேத்து வீடியோ வரலையே?" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னான். அலமாரி மேல் வைத்ததையும் விடாமல் சொன்னான். கட்டங்களில் யாரும் சிரிக்கவில்லை. இரட்டை அம்மா மட்டும், "எம்மாடி, அதுவே ஸ்டாண்டை விரிச்சு வைச்சுச்சா?" என்று மெல்லக் கேட்டாள்.

டீச்சர் சொன்னாள்:

"இது கேக்குறதுதான். நான் எதிர்பாத்ததைவிட நல்லா கேட்டிருக்கா. ஆனா வீடியோ இல்லாம முடிச்சதா நான் எழுத முடியாது. மேல பேசி ஒரு வாரம் தவணை கேக்கறேன். குடுப்பாங்களான்னு தெரியல. உங்களுக்குப் பொய் நம்பிக்கை குடுக்க மாட்டேன்."

"சரி டீச்சர்."

"ஸ்டாண்ட் அவ கையில இருக்கட்டும், வீட்ல வேற யாராவது ஓரமா நின்னு எடுக்கட்டும். ஆனா ஒண்ணு. வீடியோ இருக்கோ இல்லையோ, இனிமே அவ ஸ்டாண்டைக் கொண்டுவந்தா நீங்க எழுந்திரிக்கணும். அஞ்சே நிமிஷம்னாலும் பரவால்ல. இப்பத்தான் கேக்கலாம்னு கண்டுபிடிச்சிருக்கா. பதில் வரலன்னா விட்டுடுவா. டப்பாவை விட்டா பாருங்க, அந்த மாதிரி."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேப்பா டீச்சர்?"

"அதை அவகிட்டதான் கேக்கணும்."

இரட்டை அம்மா சொன்னாள், "எனக்கு ரெண்டு பேரு அண்ணே. வருத்தப்படாதீங்க."

வகுப்பு முடிந்தது. மனைவியின் ஃபோனை எடுத்து உயரத்தில் வைத்தான். சிட்டு ஜன்னலோரம் திரைச்சீலையைத் தடவிக்கொண்டிருந்தாள். ஸ்டாண்டை மடக்கி, அவள் கைக்கு எட்டுகிற மாதிரி மூலையில் சாய்த்தான். ஒரு வாரத்தில் வீடியோ வருமோ வராதோ, முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டுமோ, ஒன்றும் தெரியாது. நாளைக்கும் இருட்டோடு எழவேண்டும் என்பது மட்டும் தெரியும். பாயில் மெல்லச் சாய்ந்தான். முழங்கை தானாகக் கண்ணுக்குப் போனது. முதுகு தரையில் படிந்து, கால்கள் தளர்ந்து, தூக்கம் அப்படியே ஆளை இழுக்கத் தொடங்கிய நேரம்.

'டக்.'

"சிட்டு, அப்பா இப்பத்தான்மா படுத்தேன்."

'டக்.'

"கொஞ்ச நேரம் கழிச்சுடீ..."

சொல்லும்போதே ஒரு கையை ஊன்றி எழுந்துகொண்டிருந்தான். மூன்றாவது கால் அவளுக்கு வரவில்லை. இழுத்து இழுத்துப் பார்த்தாள். பிறகு அதைவிட்டுவிட்டுப் போகாமல், ஸ்டாண்டை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து அவன் மடியில் வைத்தாள்.

அவன் அந்தக் காலை இழுத்து விரித்தான். 'டக்' என்றது.